பத்து ஒன்பதுகள்: அரசின் இணையச் சேவைகளையும் மானியத்தையும் தணிக்கை செய்வது எப்படி?

ஆயுஷ்மான் பாரத் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் பயனாளிகள் பட்டியலில் 7,49,820 பேருக்கு ஒரே கைபேசி எண்தான் பதிவாகியிருந்தது: 9999999999. இன்னும் 1,39,300 பேருக்கு 8888888888. 2023 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட சி.ஏ.ஜி. (அரசின் கணக்குகளைத் தணிக்கை செய்யும் தலைமைத் தணிக்கையாளர்) அறிக்கையில் இந்த எண்கள் வெளிவந்ததும், ஏழரை லட்சம் பேரும் போலிப் பயனாளிகள் என்று பலர் எடுத்துக்கொண்டார்கள். அறிக்கை அப்படிச் சொல்லவில்லை. அரசும் உடனே பதில் கொடுத்தது. பயனாளி யார் என்பதை உறுதிசெய்யக் கைபேசி எண் தேவையே இல்லை, தொடக்கத்தில் களப்பணியாளர்கள் ஏதோ பத்து இலக்கத்தைப் போட்டிருக்கலாம், அவ்வளவுதான் என்றது.

அந்தப் பதிலில் நியாயம் உண்டு. அரசு அலுவலகத்தில் கணினி முன்னால் உட்கார்ந்து பெயர் பதிந்த யாருக்கும் இது எப்படி நடக்கிறது என்று தெரியும். கட்டம் காலியாக இருந்தால் அடுத்த திரைக்குப் போக விடாது. ஆனால் எதைப் போட்டாலும் விட்டுவிடும். வரிசையில் நாற்பது பேர் நிற்கிறார்கள், எதிரே இருக்கும் பாட்டியிடம் போனே கிடையாது. ஒன்பதைப் பத்து முறை தட்டிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவதைத் தவிர வேறு வழி என்ன?

சரி, அப்படியானால் இதில் என்ன பிரச்சினை? அட்டையைத் தொலைத்துவிட்டு ஒருவர் மருத்துவமனைக்கு வந்தால், அவருடைய பதிவைத் தேடிப் பிடிக்கக் கைபேசி எண் ஒரு வழி. அந்த வழி அடைபட்டுப் போனது. தணிக்கை சொன்னது இதைத்தான். எனக்குத் தோன்றுவது இன்னும் கொஞ்சம் அடிப்படையானது. ஏழரை லட்சம் பேருக்கு ஒரே எண்ணை வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொள்ளும் மென்பொருள், வேறு எதையெல்லாம் அப்படி வாங்கிக்கொண்டிருக்கும்? கணினியில் ஒரு பதிவு இருப்பதாலேயே அது ஆதாரம் ஆகிவிடாது. அந்தப் பதிவை யார் போட்டார், தப்பாகப் போட்டிருந்தால் எது அவரைத் தடுத்திருக்கும் என்று கேட்ட பிறகுதான் அது ஆதாரம். அரசின் இணையச் சேவைகளைத் தணிக்கை செய்வது, சுருக்கமாகச் சொன்னால், இந்த ஒரு கேள்வியை விடாமல் கேட்பதுதான்.

கேட்கும் அதிகாரம் யாருக்கு? அரசியலமைப்பின் 148 முதல் 151 வரையிலான பிரிவுகள் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரை, நாம் பேச்சில் சொல்லும் சி.ஏ.ஜி.யை, உருவாக்குகின்றன. அவருடைய கடமைகளை 1971-ஆம் ஆண்டுச் சட்டம் விரித்துச் சொல்கிறது. அரசு நேரடியாகச் செய்யும் செலவு எல்லாம் அதன் 13-ஆம் பிரிவில் வந்துவிடும். மானியம் வாங்கிச் செயல்படும் அமைப்புகளுக்கு 14-ஆம் பிரிவு: ஒரு நிதியாண்டில் வாங்கிய மானியமோ கடனோ 25 லட்சம் ரூபாய்க்குக் குறையாமல் இருந்து, அது அந்த அமைப்பின் மொத்தச் செலவில் 75 சதவீதத்துக்கும் குறையாமல் இருந்தால் சி.ஏ.ஜி. உள்ளே போகலாம். ஆண்டுக்கு ஒரு கோடிக்குக் குறையாத மானியம் என்றால் இந்தச் சதவீதக் கணக்கு பார்க்காமலே, குடியரசுத் தலைவர் அல்லது ஆளுநரின் முன் ஒப்புதலோடு தணிக்கை செய்யலாம்.

15-ஆம் பிரிவைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை, ஆனால் அதுதான் சுவாரசியமானது. குறிப்பிட்ட ஒரு நோக்கத்துக்காக வெளி அமைப்பு ஒன்றுக்கு அரசு மானியம் கொடுத்தால், கொடுத்த அதிகாரி ‘நிபந்தனைப்படிதான் செலவானது’ என்று எப்படித் திருப்தி அடைந்தார் என்பதையே ஆராயச் சொல்கிறது அது. வாங்கியவரை விட்டுவிட்டு, கொடுத்தவரின் திருப்தியைக் கேள்வி கேட்கிறது. 1971-இல் கணினியை நினைத்து எழுதிய சட்டம் இல்லைதான். ஆனாலும் இன்றைக்கு ‘போர்ட்டலில் பச்சை விளக்கு எரிந்தது, அதனால் அடுத்த தவணையை விடுவித்தேன்’ என்று சொல்லும் அதிகாரியிடம் கேட்க இதைவிடப் பொருத்தமான கேள்வி இல்லை.

அதிகாரம் சட்டத்தில் இருப்பது வேறு, டேட்டா கைக்கு வருவது வேறு. ஜி.எஸ்.டி. 2017 ஜூலை 1 அன்று வந்தது. வரி மொத்தமும் ஒரே கணினி அமைப்பின் வழியே ஓடியது. ஆனால் நாடு முழுமைக்குமான பரிவர்த்தனைத் தரவு தங்களுக்குத் தரப்படவில்லை என்று 2019 அறிக்கையில் சி.ஏ.ஜி. எழுத வேண்டியிருந்தது. பழைய முறையில் சில கோப்புகளை எடுத்துப் பார்த்து, இந்த ஒரு முறை மட்டும் என்று சொல்லிக் கணக்கை ஏற்க வேண்டியதாயிற்று. 2020-இல்தான் அரசு தரவை அணுக அனுமதிக்க முடிவெடுத்தது. அதே அறிக்கை இன்னொன்றையும் போட்டு உடைத்தது: விற்றவர் காட்டும் பட்டியலையும் வாங்கியவர் காட்டும் பட்டியலையும் கணினியே ஒப்பிட்டு உள்ளீட்டு வரிச் சலுகையை, அதாவது வாங்கும்போது கட்டிய வரியைத் தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வதை, சரிபார்க்கும் என்பதுதான் ஜி.எஸ்.டி.யின் பெரிய வாக்குறுதி. இரண்டு ஆண்டுகள் ஆகியும் அது நடைமுறைக்கு வரவில்லை.

தரவு கிடைத்தபின் தணிக்கையாளர் என்ன செய்கிறார்? பழைய முறையில் ஆயிரம் வவுச்சரில் ஐம்பதை உருவிப் பார்ப்பார். இப்போது ஆயிரத்தையும் ஒரே சல்லடையில் சலிக்கலாம். மென்பொருளின் மூலநிரலைப் படிக்க வேண்டியதுகூடப் பல நேரம் இல்லை. உலகத்தில் நடக்க முடியாத ஒன்றைத் தரவில் தேடினாலே போதும். இறந்தவர் மறுபடி மருத்துவமனையில் சேர முடியாது. ஒருவர் ஒரே நாளில் இரண்டு மருத்துவமனைகளில் உள்நோயாளியாகப் படுத்திருக்க முடியாது. ஒரு ஆதார் எண்ணுக்கு நூறு குடும்பங்கள் இருக்க முடியாது. இவற்றை ஒவ்வொன்றாகக் கேள்வியாக எழுதித் தரவில் ஓடவிட்டால், பூஜ்ஜியம் என்று வர வேண்டிய இடத்தில் வேறு எண் வந்து நிற்கும்.

ஆயுஷ்மான் பாரத்தில் அப்படித்தான் வந்தது. முன்பே இறந்ததாகப் பதிவான 3,446 பேரின் பெயரில் 3,903 சிகிச்சைக் கோரிக்கைகள் வந்து, 6.97 கோடி ரூபாய் மருத்துவமனைகளுக்குப் போயிருந்தது. தமிழ்நாட்டில் ஏழே ஏழு ஆதார் எண்களில் 4,761 பதிவுகள். இதில் கவனிக்க வேண்டியது பணத்தின் அளவு இல்லை. அந்தத் திட்டத்தின் மொத்தச் செலவோடு பார்த்தால் ஏழு கோடி சின்னத் தொகை. இறந்தவரின் எண்ணை முடக்கும் தடுப்பை 2020 ஏப்ரலிலேயே மென்பொருளில் போட்டுவிட்டோம் என்று திட்டத்தை நடத்தும் ஆணையம் தணிக்கைக்குப் பதில் சொல்லியிருந்தது. அதன் பிறகும் ஓட்டை அடைபடவில்லை என்று தணிக்கை காட்டியது. ‘சரிசெய்துவிட்டோம்’ என்ற பதிலை அப்படியே வாங்கிக்கொள்ளாமல் அதே கேள்வியை இரண்டாம் முறை ஓடவிட்டுப் பார்ப்பதில்தான் தணிக்கையாளரின் தொழில் இருக்கிறது.

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். தரவில் தெரியும் எல்லா அபத்தமும் திருட்டு இல்லை. அவசரமாக வந்தவரைச் சேர்த்துவிட்டு, நெட்வொர்க் கிடைத்தபின் மூன்று நாள் வரை கழித்து அனுமதி கேட்க மருத்துவமனைகளுக்கு விதியே இடம் கொடுக்கிறது. அதற்குள் நோயாளி இறந்துபோனால், இறந்த தேதிக்குப் பிறகு கோரிக்கை வந்ததாகத்தான் கணினி காட்டும். அதனால்தான் சல்லடையில் நின்றதை எடுத்துக்கொண்டு களத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. எக்செல் தாளோடு நின்றுவிடும் தணிக்கை பாதித் தணிக்கை.

மென்பொருள் சரியாக இருந்தும் எல்லாம் கெட்டுப்போவதற்கு நம் ஊரிலேயே ஒரு பாடம் இருக்கிறது. விவசாயிகளுக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் மூன்று தவணையாகத் தரும் பி.எம். கிசான் திட்டத்தில், 2020-இல் கொரோனா ஊரடங்குக் காலத்தில், தமிழ்நாட்டில் புதுப் பயனாளிகள் திடீரென்று குவிந்தார்கள். நிலமே இல்லாதவர்களும் விவசாயிகள் ஆனார்கள். அதிகாரிகளுக்குத் தரப்பட்ட லாகினும் பாஸ்வேர்டும் ஒப்பந்தப் பணியாளர்கள் கைக்குப் போய், அங்கிருந்து வெளியேயும் போயிருந்தன. மத்திய அரசு அப்போது வெளியிட்ட விவரப்படி 5.95 லட்சம் கணக்குகளைச் சரிபார்த்ததில் 5.38 லட்சம் பேர் தகுதியில்லாதவர்கள். 110 கோடி ரூபாய் போயிருந்தது. அதே ஆண்டு செப்டம்பர் கடைசிக்குள் 61 கோடியைத் திரும்பப் பிடித்தார்கள், சி.பி.சி.ஐ.டி. பலரைக் கைது செய்தது.

இங்கே கணினி தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்தது. ஒப்புதல் தர உரிமை உள்ள லாகினிலிருந்து ஒப்புதல் வந்தது, பணத்தை அனுப்பியது. அதற்குத் தெரிந்தது லாகின் மட்டும்தான், விரல் யாருடையது என்று தெரியாது. மேலதிகாரிக்கு நேரமில்லை, பாஸ்வேர்டைக் காகிதத்தில் எழுதிக் கணினித் திரையிலேயே ஒட்டிவைத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் பல அலுவலகங்களில் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். ஆகவே தகவல்தொழில்நுட்பத் தணிக்கை என்று வந்தால் முதலில் பார்க்க வேண்டியது பதிவேடு: எந்த லாகின், எத்தனை மணிக்கு, எந்தக் கணினியிலிருந்து, ஒரு மணி நேரத்தில் எத்தனை ஒப்புதல். ராத்திரி இரண்டு மணிக்கு வேளாண் உதவி இயக்குநர் நூற்றுக்கணக்கான விண்ணப்பங்களைப் பரிசீலித்தார் என்று பதிவேடு சொன்னால் மேலே எதையும் படிக்கத் தேவையில்லை. பதிவைச் சேர்ப்பவரும் ஒப்புதல் தருபவரும் வேறு வேறு ஆட்களாக இருக்க வேண்டும் என்பது கருவூலத்தில் காலங்காலமாக இருக்கும் விதிதான். அவசரத் திட்டங்களில் முதலில் பறிபோவதும் அதுதான்.

சேவை என்று பார்க்கும்போது பணக்கணக்கில் வராத இழப்பு ஒன்று உண்டு. ஆதார் ஆணையம் குறித்து 2022 ஏப்ரலில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட அறிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கே இரண்டு எண் கொடுத்ததாக 2019 நவம்பர் வரை ரத்து செய்யப்பட்டவை 4.75 லட்சத்துக்கும் மேல் என்ற செய்திதான் பெரிதாக வந்தது. என்னைக் கேட்டால் அதைவிட முக்கியமானது வேறு. 2018-19-இல் நடந்த 3.04 கோடி கைரேகை, கருவிழித் திருத்தங்களில் 73 சதவீதத்துக்கும் மேல் மக்களே முன்வந்து, கட்டணம் கட்டிச் செய்துகொண்டவை. முதல் தடவை எடுத்த ரேகை சரியில்லை. ரேஷன் கடையிலோ வங்கியிலோ விரல் ஒத்துப்போகவில்லை. அதனால் போய் வரிசையில் நின்றார்கள். ஆணையத்தின் பதிவுத் தரம் குறைந்ததற்கான செலவை மக்கள் தங்கள் பாக்கெட்டிலிருந்து கட்டினார்கள் என்பதுதான் இதன் பொருள். எந்த வரவு செலவுக் கணக்கிலும் இது செலவாகத் தெரியாது, சொல்லப்போனால் கட்டண வருமானமாகத் தெரியும். தணிக்கை இதைத் தோண்டி எடுத்து, மக்களிடம் கட்டணம் வாங்குவதை மறுபரிசீலனை செய்யச் சொன்னது.

இனி மானியம். மானியம் சரியாகச் செலவானதா என்பதற்கு நம் நிர்வாகம் நம்பியிருக்கும் ஆவணம் பயன்பாட்டுச் சான்றிதழ், அலுவலக வழக்கில் யூ.சி. மத்திய அரசின் 2017 பொது நிதி விதிகளில் 238-ஆவது விதி இதற்கானது. நிதியாண்டு முடிந்து 12 மாதத்துக்குள் தர வேண்டும். 12-ஏ என்ற படிவத்தில் தொடக்க இருப்பு, வட்டி, வந்த மானியம், செலவு, மிச்சம் என்று வரிசையாகக் கட்டங்கள். கீழே நிதிப் பொறுப்பாளரும் அமைப்பின் தலைவரும் கையெழுத்து போடுவார்கள். மானியத்தில் கிடைத்த வட்டியைக்கூட அரசின் தொகுப்பு நிதிக்குத் திருப்பிக் கட்ட வேண்டும் என்பது விதி. காகிதத்தில் எல்லாம் கச்சிதம். ஆனால் இது செலவு செய்தவரே தனக்குத் தானே கொடுத்துக்கொள்ளும் சான்று என்பதை மறந்துவிடக் கூடாது.

அந்தச் சான்றுகூட வராவிட்டால்? பீகாரின் 2023-24 மாநில நிதி அறிக்கையில், 2024 மார்ச் 31 நிலவரப்படி 49,649 பயன்பாட்டுச் சான்றிதழ்கள் வரவில்லை என்று இருந்தது. தொகை 70,877.61 கோடி ரூபாய். இதில் 14,452.38 கோடி 2016-17 வரையிலான பழைய பாக்கி. எழுபதாயிரம் கோடி ஊழல் என்று இதைப் படிப்பது தவறு. பணம் போன நோக்கத்துக்குத்தான் போனது என்று சொல்ல அரசிடம் ஒரு காகிதம்கூட இல்லை என்பதே இதன் அர்த்தம். ஊழல் இல்லை என்பதற்கும் அது சான்று ஆகாது. பத்து ஆண்டு முந்தைய செலவுக்குப் பில் எங்கே என்று கேட்டால், அப்போது இருந்த எழுத்தர் ஓய்வு பெற்றிருப்பார், கோப்பைக் கரையான் தின்றிருக்கும். தாமதமே ஒருவகையில் தள்ளுபடி.

சான்றிதழ் வந்துவிட்டால் மட்டும் நிம்மதியா என்றால் அதுவும் இல்லை. முதியோர், விதவையர் ஓய்வூதியத்துக்கான தேசிய சமூக உதவித் திட்டத்தில் நிர்வாகச் செலவுக்கென்று மூன்று சதவீதம் உண்டு. அந்தப் பணத்திலிருந்து 2017-இல் 2.83 கோடி ரூபாயை எடுத்து, ஊரக வளர்ச்சி அமைச்சகத்தின் வேறு திட்டங்களுக்கு விளம்பரப் பலகை வைக்க ஒதுக்கியதை 2023-இல் சி.ஏ.ஜி. எடுத்துக்காட்டியது. முறைப்படி ஒப்புதல் வாங்கிச் செய்த செலவுதான். கூட்டிக் கழித்துப் பார்த்தால் கணக்கு நேராகத்தான் வரும். ஓய்வூதியத்துக்கும் அந்தப் பலகைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால்தான் கோணல் தெரியும்.

இப்போது பொது நிதி மேலாண்மை அமைப்பான பி.எஃப்.எம்.எஸ். போர்ட்டல் இருக்கிறது. 2021 ஜூலையிலிருந்து மத்திய அரசின் பங்குள்ள திட்டங்கள் ஒவ்வொன்றுக்கும் மாநிலத்தில் ஒரே முகமை, ஒரே வங்கிக் கணக்கு என்ற முறையும் வந்தது. முன்பு நூறு வங்கிக் கணக்குகளில் பணம் தூங்கிக்கொண்டிருக்கும், மேலே ‘விடுவித்தோம், செலவானது’ என்று கணக்கு இருக்கும். அது பெருமளவு குறைய இது நல்ல ஏற்பாடு, சந்தேகமில்லை. ஆனால் பணம் எங்கே இருக்கிறது என்பதைத்தான் போர்ட்டல் காட்டும். என்ன வேலை நடந்தது என்பது அதற்குத் தெரியாது. கட்டாத கழிப்பறைக்கும் பணப் பரிமாற்ற எண் ஒன்று இருக்கும்.

கணினிமயத்தால் இவ்வளவு கோடி மிச்சம் என்று அமைச்சர்கள் சொல்லும்போதும் இதே கவனம் வேண்டும். சமையல் எரிவாயு மானியத்தை நேரடியாக வங்கிக் கணக்கில் போடும் பஹல் திட்டத்தை 2016-இல் சி.ஏ.ஜி. ஆராய்ந்தபோது, 2015 ஏப்ரல் முதல் டிசம்பர் வரை மானியச் செலவு முந்தைய ஆண்டின் அதே மாதங்களைவிட 23,316 கோடி குறைந்திருந்தது. பிரித்துப் பார்த்தால் 21,552 கோடி எரிவாயு விலை சரிந்ததால் வந்த குறைவு. சிலிண்டர் வாங்குவது குறைந்ததால் வந்தது 1,764 கோடி மட்டும். திட்டம் பயனில்லை என்று இதற்குப் பொருள் கிடையாது. பதிமூன்றில் ஒரு பங்கு சாதனையை முழுச் சாதனையாகச் சொன்னார்கள் என்றுதான் பொருள்.

நூறு நாள் வேலைத் திட்டத்தில் வருகைப் பதிவுக்கு என்.எம்.எம்.எஸ். செயலியை 2023 ஜனவரியிலிருந்து கட்டாயமாக்கினார்கள். பணித்தளத்திலிருந்து ஒரு நாளைக்கு இரண்டு தடவை புகைப்படம். ஏமாற்ற முடியாது என்றார்கள். 2025 ஜூலையில் அமைச்சகமே மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது: சம்பந்தமில்லாத படங்கள், ஏற்கெனவே எடுத்த படத்தையே மறுபடி படமெடுத்து ஏற்றுவது, பட்டியலில் ஒரு எண்ணிக்கை படத்தில் வேறு எண்ணிக்கை, பட்டியலில் பெண்கள் படத்தில் ஆண்கள். தீர்வாக ஊராட்சி அளவில் எல்லாப் படங்களையும் ஆட்களே கண்ணால் பார்த்துச் சரிபார்க்கச் சொன்னார்கள். மனிதரை நம்ப முடியாமல் செயலி வந்தது, செயலியை நம்ப முடியாமல் மறுபடி மனிதர். 2005 வேலை உறுதிச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு கிராம சபையே கணக்கைச் சரிபார்க்கும் சமூகத் தணிக்கையைத் தந்தது. அதற்கான 2011 விதிகள் சி.ஏ.ஜி.யின் ஆலோசனையோடு எழுதப்பட்டவை. யார் யார் வேலைக்கு வந்தார்கள் என்று பட்டியலை ஊரில் உரக்க வாசித்தால், ‘அவர் செத்து ரெண்டு வருஷம் ஆச்சே’ என்று ஒரு குரல் வரும். எந்த அல்காரிதமும் இதை இவ்வளவு வேகமாகச் சொல்லாது.

இடையில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். அரசு இணையதளங்கள் பலவும் ‘தணிக்கை முடிந்தது’ என்று சான்று காட்டும். அது பெரும்பாலும், இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பின் பட்டியலில் உள்ள நிறுவனம் செய்த பாதுகாப்புத் தணிக்கை. ஹேக்கர் உள்ளே நுழைய முடியுமா என்று பார்ப்பது. தேவையான வேலைதான். ஆனால் உள்ளே முறைப்படி லாகின் செய்தவர் போடும் பொய்யை அது பார்க்காது.

தணிக்கைக்கும் நோய்கள் உண்டு. ஆதார் அறிக்கை ஆராய்ந்தது 2014-15 முதல் 2018-19 வரையிலான காலத்தை. அவைக்கு வந்தது மூன்று ஆண்டு கழித்து. மென்பொருள் உலகில் அது ஒரு தலைமுறை. ‘அது பழைய வெர்ஷன், இப்போது மாற்றிவிட்டோம்’ என்று எந்த அமைச்சகமும் எளிதாகக் கடந்துவிடலாம். மத்திய அமைச்சகங்கள் மீதான சி.ஏ.ஜி. அறிக்கைகளின் எண்ணிக்கையும் 2015-இல் 55-ஆக இருந்து 2020-இல் 14-ஆகக் குறைந்தது. அறிக்கை வந்தபின் நான்கு மாதத்துக்குள் அமைச்சகம் நடவடிக்கைக் குறிப்பு தர வேண்டும். எதிர்க்கட்சி உறுப்பினர் தலைமையிலான பொதுக் கணக்குக் குழு சிலவற்றை மட்டுமே எடுத்து விசாரிக்க முடியும். மற்றவை, தணிக்கையாளர் எழுப்பித் தீராமல் இருக்கும் ஆட்சேபங்களின் (தணிக்கைத் தடை) நிலுவைப் பட்டியலில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும்.

ஆகவே மருந்து அறிக்கையில் இல்லை, டெண்டரில் இருக்கிறது என்பது என் வாதம். போர்ட்டல் கட்ட ஒப்பந்தம் போடும் நாளிலேயே மூன்று விஷயங்களை எழுதிவிட வேண்டும். தணிக்கையாளருக்குப் படிக்க மட்டும் உரிமையுள்ள லாகின். யார் எப்போது எதை மாற்றினார் என்ற பதிவேட்டைத் திட்டம் முடிந்து சில ஆண்டுகள் வரை அழிக்காமல் வைத்திருப்பது. தரவுத்தளத்தின் ஒவ்வொரு கட்டமும் எதைக் குறிக்கிறது என்ற விளக்கப் பட்டியல். கடைசியாகச் சொன்னது அற்பமாகத் தெரியும். ஆனால் நிறுவனம் ஒப்பந்தம் முடிந்து போனபின், ‘ஸ்டேட்டஸ் 7’ என்றால் நிராகரிப்பா நிலுவையா என்று துறையில் யாருக்கும் தெரியாமல் தணிக்கை பல வாரம் நின்றுவிட அது ஒன்றே போதும். கட்டிய பிறகு இவற்றைக் கேட்டால் நிறுவனம் அதற்குத் தனியாக விலை சொல்லும், துறை நிதி இல்லை என்று சொல்லும்.